ஆறு முதல் பன்னிரண்டு வரை

2022ஆம் ஆண்டு நீட் தேர்வில் என் தம்பி 402 மதிப்பெண் எடுத்தான். அதே தேர்வில் நான் எடுத்தது 361. இன்று நான் அண்ணாமலைநகரில் உள்ள கடலூர் அரசு மருத்துவக் கல்லூரியில் நான்காம் ஆண்டு எம்.பி.பி.எஸ். படித்துக்கொண்டிருக்கிறேன், தம்பி வில்லியனூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறான். கூடுதலாக எடுத்தவனுக்குக் கிடைக்காத இடம் குறைவாக எடுத்த எனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்பவர்கள் பலர். உறவுக்காரர்கள் கேட்கிறார்கள், கூடப் படிப்பவர்கள் கேட்கிறார்கள், பண்ருட்டிப் பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த ஒரு பெரியவர்கூடக் கேட்டார். ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றுபோகும் அந்தப் பதிலை இங்கே முழுமையாக எழுதி வைக்கிறேன்.

நாங்கள் இருவரும் விண்ணப்பித்தது, தமிழ்நாட்டில் எல்லோரும் ‘ஏழரை சதவீதம்’ என்று சொல்லும் உள் ஒதுக்கீட்டில். அரசுப் பள்ளிகளில் படித்து நீட்டில் தகுதி பெற்றவர்களுக்காக, மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களிலிருந்து நூற்றுக்கு ஏழரை என்ற கணக்கில் தனியே எடுத்து வைக்கப்படும் இடங்கள் அவை. ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையிலான ஆணையம் பத்து சதவீதம் தரலாம் என்று பரிந்துரைத்தது. அரசு ஏழரை என்று முடிவெடுத்தது. 2020 செப்டம்பர் 15 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறிய மசோதா ஆளுநரின் ஒப்புதலுக்காக ஆறு வாரங்களுக்கு மேல் காத்திருந்தது. அக்டோபர் 29 அன்று மாநில அரசு அதை அரசாணையாகவே வெளியிட்டுவிட, மறுநாள் ஒப்புதல் வந்து சேர்ந்தது. அந்த முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளி மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டில் அந்த எண்ணிக்கையை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்த ஒதுக்கீட்டுக்குள்ளும் 69 சதவீத இடஒதுக்கீடு அப்படியே பின்பற்றப்படுகிறது. நாங்கள் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். எங்களுக்கான 20 சதவீதம் இந்த ஏழரைக்குள்ளும் உண்டு. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது, தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும்கூட. நிபந்தனை ஒன்றுதான் கண்டிப்பானது: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, இடையில் ஓராண்டும் விடாமல், தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எங்கள் கதை முழுவதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

எங்கள் ஊர் தூக்கணாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். கடலூர் மாவட்டம் என்று சொல்லிக்கொண்டாலும், வரப்பு தாண்டினால் புதுச்சேரியின் பாகூர் கொம்யூன். பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் ஊர் ஊராகப் பங்கிட்டுக்கொண்ட காலத்தில் விழுந்த கோடு அது. பிரெஞ்சு ஆட்சி 1954இல் விலகிய பிறகும் கோடு விலகவில்லை. இங்கே பெண் எடுத்து அங்கே கொடுப்பதும், அங்கே நடவுக்குப் போய் இங்கே கூலி வாங்குவதும், சந்தைக்கும் கோயிலுக்கும் ஏரிக்கும் அந்தப் பக்கம் போவதும் எங்களுக்கு எல்லை கடப்பதாகத் தோன்றியதே இல்லை. என் ஆயா வீடு பாகூரில்தான். அம்மா பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், ஒரு கல்விச்சாலைக்காக மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்த செய்தி பாகூர்ச் செப்பேடுகளில் இருக்கிறது என்று ஒன்பதாம் வகுப்பில் எங்கள் வரலாற்று ஆசிரியை சொன்னபோது, ஆயா ஊரைப் பற்றிச் சொல்கிறார் என்று வகுப்பில் நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள்; எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல இரண்டு வரி போதும். கூரை முழுவதும் போயிற்று. மேற்குப் பக்கத்து மண்சுவர் இடிந்து, நெல் மூட்டை நனைந்து, அப்பா நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்த சைக்கிள் சுவருக்கடியில் நசுங்கியது. பொங்கலுக்கு முன்பே நாங்கள் நால்வரும் பாகூரில் ஆயா வீட்டுக்குப் போய்விட்டோம். மறுபடி சுவர் எழுப்பி ஊர் திரும்ப 2013 மே மாதம் ஆயிற்று.

அப்போது நான் எட்டாம் வகுப்பு, தம்பி ஆறாம் வகுப்பு. இருவரும் எங்கள் ஊர்ப் பக்கத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தோம். ஆயா வீட்டிலிருந்து அந்தப் பள்ளிக்கு நான்கு கிலோமீட்டருக்கு மேல். சாலையில் மரங்கள் விழுந்து கிடந்தன, மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. பதினொரு வயதுப் பையனை அத்தனை தூரம் நடக்கவைக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. தம்பிக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கி, ஆயா வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த புதுச்சேரி அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டார். என்னையும் அங்கேயே சேர்த்துவிடத்தான் நினைத்திருந்தார். சான்றிதழ் கேட்கப் போனபோது எங்கள் வகுப்பு டீச்சர், “எட்டாவது முடிக்க இன்னும் நாலு மாசந்தான் இருக்கு. இந்தப் பொண்ணு பேரை எடுக்காதீங்கம்மா” என்றார். அவ்வளவுதான். யாருக்கும் அதில் எந்தத் தொலைநோக்கும் இருக்கவில்லை. எட்டு வருடம் கழித்து வரப்போகும் ஒரு சட்டத்தை அந்த டீச்சர் அறிந்திருக்கவும் முடியாது. நான் தினமும் காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பி வரப்பு வழியாக நடந்தேன். ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்குக் கடலூரில் ஒரு அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்து, பாகூரிலிருந்து பேருந்தில் போய்வந்தேன். தம்பி ஏழாம் வகுப்பை அங்கே முடித்துவிட்டு, வீடு எழுந்ததும் எட்டாம் வகுப்புக்குத் தமிழ்நாட்டுப் பள்ளிக்கே திரும்பினான்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த ஒன்றரை ஆண்டில் அவன் படித்த பாடப்புத்தகம் எது? எங்கள் ஊர்ப் பள்ளியில் அவன் வகுப்புப் பிள்ளைகள் படித்த அதே சமச்சீர்க் கல்விப் புத்தகம். அந்தக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் பகுதிப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைத்தான் பின்பற்றின. அந்தப் புத்தகங்களை வைத்தே அவன் ஏழாம் வகுப்பை முடித்தான். அட்டை போட்டுத் தந்தது நான்.

2016இல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தேன். அந்த ஆண்டு மட்டும் அவசரச் சட்டத்தால் மாநிலங்களுக்கு நீட்டிலிருந்து விலக்கு கிடைத்திருந்ததால், தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு மருத்துவ இடம் கொடுத்த கடைசி ஆண்டு அதுவாயிற்று. உயிரியலுக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று இருநூறுக்குக் கணக்கிடும் கட்-ஆஃப் எனக்கு 188க்குப் பக்கத்தில் நின்றது. அது போதாது என்பது விண்ணப்பம் வாங்கும்போதே தெரியும். செவிலியர் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். 2019இல் முடித்து, புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வேலையை நான் குறைவாக நினைத்ததில்லை, இன்றும் இல்லை. ஆனால் ஒரு நோயாளியின் மூச்சு ஏன் இந்த வகையில் மாறுகிறது, இந்த மருந்தை ஏன் நிறுத்துகிறார்கள் என்ற கேள்விகள் இரவுப் பணியில் என்னை விடாமல் தொடர்ந்தன. கேட்டால் பொறுமையாகச் சொல்லித்தந்த மருத்துவர்களும் இருந்தார்கள், ‘சொன்னதைச் செய்யுங்க சிஸ்டர்’ என்றவர்களும் இருந்தார்கள்.

தம்பியின் கதை வேறு வகையில் வலி மிகுந்தது. 2018 மே 6 அன்று அவன் நீட் தேர்வைத் தமிழில் எழுதினான். அந்தத் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தன. ஜூலை 10 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கேள்விக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண்ணைக் கருணை மதிப்பெண்ணாகத் தர உத்தரவிட்டது. அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. தம்பி ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் தன் மதிப்பெண்ணோடு 196ஐக் கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நாளில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. நவம்பரில் அந்த உத்தரவே ரத்தாயிற்று. மருந்தாளுநர் பட்டயப் படிப்பில் சேர்ந்தபோது அவன் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அந்த நாட்காட்டித் தாளை மட்டும் அம்மா வெகுநாள் கழித்து அவன் சட்டைப் பையிலிருந்து துவைக்கும்போது எடுத்தார்.

2020 அக்டோபர் இறுதியில் ஏழரை சதவீதச் செய்தி வந்தபோது நான் கொரோனா வார்டில் இருந்தேன். அது அந்த ஆண்டு பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்றே எண்ணியிருந்தேன். முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்தவர்களும் நீட் எழுதி விண்ணப்பிக்கலாம் என்பதைச் சொன்னது, கூடப் பணிபுரிந்த ஒரு விழுப்புரத்துச் சிஸ்டர். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், என்னைப் போல எத்தனையோ செவிலியர்களும் ஆய்வக நுட்புநர்களும் மருந்தாளுநர்களும் அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்கள், இந்தக் கதவு தங்களுக்கும் திறந்திருக்கிறது என்பதை அறியாமல் இருக்கிறார்கள் என்பதுதான். வயதும் இப்போது தடையில்லை. பொதுப் பிரிவினருக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்றிருந்த உச்ச வயது வரம்பைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022 மார்ச்சில் நீக்கிவிட்டது. அதற்குச் சற்று முன்பு, அதே ஆண்டு ஜனவரியில் நடந்த ஏழரை சதவீதக் கலந்தாய்வுக்கு 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்திருந்து, இளைய மாணவர் ஒருவருக்குப் போகட்டும் என்று தன் வாய்ப்பை விட்டுக்கொடுத்தார். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். மேல்நிலையில் செவிலியர் தொழிற்பிரிவை எடுத்த தோழியர் சிலர் இந்த இடத்தில்தான் நின்றுபோனார்கள்.

முதல் முயற்சி 2021 செப்டம்பரில். பணியில் இருந்துகொண்டே எழுதினேன். 131 வந்தது, எங்கள் பிரிவுக்கான தகுதி மதிப்பெண் 108. தகுதி பெற்றேன், இடம் கிடைக்கவில்லை. நாங்கள் படித்த பழைய பாடத்திட்டம் நீட்டுக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. தமிழ்நாட்டு மேல்நிலைப் புத்தகங்களைப் புதிதாக எழுதியது நாங்கள் இருவரும் பள்ளியை விட்ட பிறகுதான். 2021 டிசம்பரில் வேலையை விட்டேன். கையிலிருந்த சேமிப்பு எட்டு மாதத்துக்கு வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, தம்பியையும் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் பகலில் கடை வேலையை முடித்துவிட்டு இரவு எட்டு மணிக்கு மேல் வருவான். உயிரியலை நான் அவனுக்குச் சொல்லித்தருவேன். இயற்பியலை அவன் எனக்கு. வார்டில் வென்டிலேட்டரைக் கையாண்டு பழகிய எனக்கு அழுத்தமும் பாய்வும் கணக்காக வரும்போது ஒன்றும் விளங்காது. அவன் பம்புசெட்டுக் குழாயை வைத்து விளக்குவான். என் 361இல் அவனுடைய பங்கு எவ்வளவு என்பது எனக்குத் தெரியும்.

ஜூலை 17 அன்று இருவரும் கடலூரில் வேறு வேறு மையங்களில் எழுதினோம். செப்டம்பரில் முடிவு வந்தது. 402, 361. அம்மா இரண்டு எண்களையும் அடுப்படிச் சுவரில் கரியால் எழுதி வைத்தார்.

அதன் பிறகு தொடங்கியது சான்றிதழ்களின் காலம். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவை மையத்தில் பதிவு செய்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படிப்படியாக வந்துவிடும். சற்று அலைந்தால் போதும். முக்கியமானது, ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தெந்த ஆண்டு எந்தெந்த அரசுப் பள்ளியில் படித்தோம் என்று தலைமை ஆசிரியர் கையெழுத்திட்டுத் தரும் சான்று. இன்றைய பிள்ளைகளுக்கு எமிஸ் எண் இருக்கிறது. கணினியைத் தட்டினால் ஏழு ஆண்டும் வரிசையாக வந்து நிற்கும். 2009இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்த எனக்குப் பழைய பதிவேடுதான் கதி. நடுநிலைப் பள்ளிக்குப் போனேன். பழைய டீச்சர்கள் யாரும் இல்லை. புதிய தலைமை ஆசிரியர் பீரோவிலிருந்து எடுத்துப்போட்ட 2011-12ஆம் ஆண்டு வருகைப் பதிவேட்டின் தாள்கள் மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவர் பொறுமையாக, ஒரு தென்னை ஈர்க்கை உள்ளே விட்டுத் தாள் தாளாகப் பிரித்தார். ஜனவரி மாதத் தாளில் என் பெயருக்கு நேராக மை கரைந்த புள்ளிகள் வரிசையாக இருந்தன. ஆறாம் வகுப்பின் பதிவேட்டில், தம்பியின் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் ‘மாற்றுச் சான்றிதழ் வழங்கப்பட்டது’ என்ற குறிப்பு.

அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. தம்பிக்கும் விளங்கியிருக்க வேண்டும். ஆனால் விண்ணப்பத்தில் அவன் எதையும் மறைக்கவில்லை. ஆறாம் வகுப்பின் பிற்பகுதி, ஏழாம் வகுப்பு என்ற கட்டங்களில் புதுச்சேரிப் பள்ளியின் பெயரை அப்படியே நிரப்பி, அங்கே போய்ச் சான்றும் வாங்கி இணைத்தான். ‘அரசுப் பள்ளி’ என்று அந்தச் சான்றில் தெளிவாக இருந்தது. ஏழரை சதவீதப் பட்டியல் வந்தபோது அவன் பெயர் அதில் இல்லை. பொதுப் பட்டியலில் மட்டும் இருந்தது. அங்கே அரசுக் கல்லூரி எம்.பி.பி.எஸ். இடத்துக்கு 402 போதவில்லை. விசாரிக்கப் போன எங்களிடம் அலுவலர் ஒருவர் சட்டத்தின் வரியை எடுத்துக் காட்டி, தனக்கும் வருத்தமாக இருப்பதாகச் சொன்னார். அவர்மேல் குறையில்லை, வரி அப்படித்தான் இருக்கிறது.

புதுச்சேரிப் பக்கம் போக முடியாதா என்றும் பலர் கேட்டார்கள். அங்கே அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பத்து சதவீதம் தர 2020இலேயே அமைச்சரவை முடிவெடுத்தது. துணைநிலை ஆளுநர் அதை மத்திய அரசுக்கு அனுப்பிவைக்க, கோப்பு அங்கேயே தங்கிவிட்டது. நடைமுறைக்கு வந்தது 2023இல்தான். அது முன்பே வந்திருந்தாலும் தம்பிக்குப் பயனில்லை. புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக நடக்கும் அந்தச் சேர்க்கை புதுச்சேரியில் குடியிருந்து அங்கே பள்ளி முடித்தவர்களுக்கானது. அவன் பத்தாவதும் பன்னிரண்டாவதும் முடித்தது கடலூரில். இரண்டு அரசுகளும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கைதூக்கிவிடச் சட்டம் செய்தன. பன்னிரண்டு வருடமும் அரசுப் பள்ளியைத் தவிர வேறெங்கும் படிக்காத என் தம்பி இரண்டு சட்டத்திலும் அரசுப் பள்ளி மாணவன் ஆகவில்லை.

சென்னையில் நடந்த நேரடிக் கலந்தாய்வுக்கு அவன்தான் என்னோடு வந்தான். நான் வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவன் என் கோப்பை எடுத்து அடுக்கிக் கையில் வைத்துக்கொண்டு, “நீ போக்கா. எடம் நம்ம வூட்டுக்குத்தானே வருது” என்றான். பெரிய திரையில் கல்லூரிகளின் பெயர்களும் மீதமுள்ள இடங்களும் ஓடிக்கொண்டிருந்தன. என் முறை வந்தபோது சிதம்பரத்தில் இடம் இருந்தது. ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று 1985இல் தொடங்கி, ஆண்டுக்குப் பல லட்சம் கட்டணம் கேட்ட கல்லூரி. 2021 தொடக்கத்தில் மாணவர்கள் ஐம்பது நாளுக்கும் மேல் போராடிய பிறகு சுகாதாரத் துறைக்கு மாறி, மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆயிற்று. வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறினால் போய்விடலாம். அதையே எடுத்தேன். ஒதுக்கீட்டு ஆணையைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது தம்பி என் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தான்.

கல்லூரி வாழ்க்கையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் இருபத்து நான்கு வயதுக்காரி, எல்லோருக்கும் அக்கா. முதலாண்டு உடற்கூறியல் ஆங்கிலத்தில் மூச்சு முட்டியது. வார்டுக்குள் போன பிறகு, ஊசி போடவும் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கவும் எனக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. ‘ஏழரை கேண்டிடேட்’ என்று சிலர் முதுகுக்குப் பின்னால் சொல்வதுண்டு. உள்ளே வந்த பிறகு எங்களுக்கென்று தனித் தேர்வும் இல்லை, தனி மதிப்பெண்ணும் இல்லை. எல்லோரும் எழுதும் தாளை எழுதித்தான் ஒவ்வோர் ஆண்டும் தேறியிருக்கிறேன்.

இந்தச் சட்டத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அது இல்லாவிட்டால் நான் இங்கே இல்லை. என் வகுப்பில் கல்வராயன் மலையிலிருந்து வந்த பையனும் இல்லை, அம்மா சித்தாள் வேலை செய்து படிக்கவைத்த வடலூர்ப் பெண்ணும் இல்லை. கட்டணம் கட்டிப் பயிற்சி மையத்தில் இரண்டு ஆண்டு உட்கார்ந்தவனின் 550க்கும், ஆய்வகத்தில் ஒரு பியூரெட்டை ஆறு பேர் பகிர்ந்துகொண்ட பள்ளியிலிருந்து வந்தவளின் 361க்கும் நடுவில் இருப்பதை அளக்க ஏதேனும் ஓர் அளவுகோல் வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை என்பது அந்த அளவுகோல். அதைத் தளர்த்தினால் வசதியுள்ளவர்கள் கடைசி இரண்டு வருடத்துக்கு மட்டும் பிள்ளையை அரசுப் பள்ளிக்கு மாற்றி உள்ளே நுழைவார்கள் என்ற அச்சம் நியாயமானது. தொடர்ச்சி கேட்பதன் காரணம் எனக்குப் புரிகிறது.

ஆனால் அந்தத் தொடர்ச்சிக்குச் சட்டமே ஒரு விலக்கு வைத்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்து, பிறகு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளும் ஏழரை சதவீதத்துக்குத் தகுதியானவர்கள். மிகச் சரியான விலக்கு அது. பள்ளி தனியாருடையது என்றாலும் பிள்ளை ஏழைப் பிள்ளைதான் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் பார்க்க முடிந்தவர்களால், புயலில் வீடிழந்து ஆயா வீட்டில் ஒதுங்கி, அதே பாடப்புத்தகத்தை நான்கு கிலோமீட்டர் தள்ளி இன்னோர் அரசின் பள்ளியில் படித்த பையனையும் பார்த்திருக்க முடியும். மாநிலத்தின் பொதுப் பட்டியலில், வெளியே சில வகுப்புகள் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளை இருப்பிடச் சான்றின் பேரில் அரசு ஏற்றுக்கொள்கிறது. தம்பியையும் அப்படித்தான் ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டுக்காரன் என்று ஒரு பட்டியலில் ஒப்புக்கொண்டவனை, அரசுப் பள்ளிப் பிள்ளை என்று அடுத்த பட்டியலில் ஒப்புக்கொள்ள ஒரு வரி சேர்த்தால் போதும்: புதுச்சேரி அரசுப் பள்ளியில் படித்த இடைக்கால ஆண்டுகளையும், பெற்றோரின் தமிழ்நாட்டு இருப்பிடத்தை மெய்ப்பித்தால், கணக்கில் கொள்ளலாம் என்று.

இந்த வரியால் பயன்பெறப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்பார்கள். அதிகம் இருக்கமாட்டார்கள். பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று எல்லையை ஒட்டிய ஊர்களில், மில் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறிக்கொண்டிருக்கும் பிள்ளைகள். ஓராண்டு இங்கே, இரண்டாண்டு அங்கே என்று படிப்பவர்கள் எப்போதும் ஏழைகளின் பிள்ளைகளாகத்தான் இருக்கிறார்கள். சொந்த வீடும் நிலமும் உள்ளவர்கள் பள்ளி மாறுவதில்லை. எந்தப் பிள்ளைகளுக்காகச் சட்டம் வந்ததோ அந்தப் பிள்ளைகளிலேயே மிகவும் அலைக்கழிந்தவர்களை அதன் தொடர்ச்சி விதி வெளியே நிறுத்துகிறது.

2022 ஏப்ரல் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இந்த உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, ஐந்தாண்டுகளுக்குள் அதை மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும் சொன்னது. அந்தக் காலம் நெருங்கிவிட்டது. மறுஆய்வு என்றால் சதவீதத்தைப் பற்றியும், அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்ப்பதைப் பற்றியும் பெரிய பேச்சுகள் நடக்கும். அவற்றுக்கு நடுவில் எல்லையோரத்து ஒரு வரியும் காதில் விழட்டும் என்று, நானும் தம்பியும் சேர்ந்து சுகாதாரத் துறைக்கும் பள்ளிக் கல்வித் துறைக்கும் நான்கு பக்க மனு ஒன்றை எழுதி அனுப்பியிருக்கிறோம். இரண்டு பள்ளிகளின் சான்றுகளையும், சிவப்புக் கோடு விழுந்த பதிவேட்டுத் தாளின் நகலையும் இணைத்திருக்கிறோம். தனக்காகக் கேட்கவில்லை என்று கடைசிப் பத்தியில் தம்பி தன் கையெழுத்தில் ஒரு வரி எழுதினான். அதை எடுத்துவிடச் சொன்னேன், ‘இருக்கட்டும்’ என்றான். ஒப்புகைச் சீட்டு மட்டும் வந்திருக்கிறது.

எல்லையோரத்தில் இருக்கும் பெற்றோர்களிடம், அந்த வரி வரும்வரை, ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஆறாம் வகுப்புக்குப் பிறகு பிள்ளையின் மாற்றுச் சான்றிதழை வாங்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அதே மாநிலத்து இன்னோர் அரசுப் பள்ளி பேருந்து போகும் தூரத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இந்த ஜூனில் என் அத்தை குடும்பம் வேலைக்காகப் புதுச்சேரிப் பக்கத்துக் கிருமாம்பாக்கத்துக்குக் குடிபோனது. அத்தை மகள் ஏழாம் வகுப்பு. சான்றிதழ் வாங்கப் பள்ளிக்குக் கிளம்பிய அத்தையை அம்மா வழியில் நிறுத்தி, வீட்டுக்கு அழைத்துவந்து, அடுப்படிச் சுவரில் இன்னும் அழியாமல் இருக்கும் இரண்டு எண்களைக் காட்டியிருக்கிறார். அந்தப் பெண் இப்போது காலை ஏழு மணிப் பேருந்தில் முள்ளோடையைத் தாண்டிக் கடலூருக்கு வருகிறாள். கடைக்குப் போகும் நாட்களில் தம்பி முதலில் கிருமாம்பாக்கம் போய் அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டுப் பிறகுதான் வில்லியனூருக்கு வண்டியைத் திருப்புகிறான்.